பூஜ்யத்தில் தொடங்கிய கோடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே உடல் நலத்தோடும் வேலையில் நிம்மதியோடும் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் அம்மாவும் நானும் நாள்தோறும் நினைத்துக்கொள்கிறோம். இதற்கு முன்னால் "இங்கே இருவரும் நலம்" என்று ஒரு வரி எழுதுவது என் வழக்கம் என்பதை நீ அறிவாய். இம்முறை அந்த வரி இல்லை. நான் அதை மறந்துவிடவில்லை, அந்த ஒரு வரியைச் சரியாக எழுத எனக்கு இந்தக் கடிதம் முழுவதும் தேவைப்படுகிறது. இன்று வியாழக்கிழமை, மூன்றாம் பாடவேளை எனக்கு ஓய்வு, ஆசிரியர் அறையின் சன்னலோர மேசையில் அமர்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியாது, காரணம் பின்னால் வரும். தொலைபேசியில் சொல்லவும் முடியாது. நம் வீட்டுத் தொலைபேசி உரையாடல் எப்போதும் மூவருக்கும் பொதுவானது, அம்மா பக்கத்திலேயே இருப்பாள், அவள் இல்லாவிட்டாலும் வாயால் சொல்லத் தொடங்கினால் நான் மறுபடியும் ஏதாவதொரு விதியின் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். உறைக்குள் நான்காக மடித்த வரைபடத்தாள் ஒன்று இருக்கும். கடிதத்தைப் படித்து முடித்த பிறகே அதைப் பிரிக்கவும். கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நீ என்பதால் இந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

சிறு செய்திகளை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் அவற்றுக்கு மனம் இருக்காது. மாடி வீட்டுக் கடிகாரக்காரர் கடையைக் காலிசெய்து கடிகாரங்களை எல்லாம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மொத்தம் பதினொன்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் மணி அடிக்கிறது. "இந்த வீட்ல மணி என்னன்னு கேட்டா பதினோரு பதில் வரும், உங்களுக்கு எது புடிக்குதோ அத எடுத்துக்கிட்டு பள்ளிக்கூடம் போங்க" என்கிறாள் அம்மா. சமையலறைக் குழாயின் ஒழுகலை நானே சரிசெய்தேன், இப்போது முன்பைவிட அதிகமாக ஒழுகுகிறது. உன் மிதிவண்டிக்கு எண்ணெய் போட்டுச் சுவரோரம் மூடி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு இந்த மாதம் தகவல்களைச் சேகரித்து, பட்டியலிட்டு, வரைபடமாக்கும் பாடம் நடக்கிறது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு தகவலைச் சேகரித்து வந்தார்கள். வகுப்பில் யாருக்கு எந்த அளவுக் காலணி என்று ஒருத்தி, பள்ளி வாசலைப் பத்து நிமிடத்தில் எத்தனை வண்டிகள் கடக்கின்றன என்று ஒருவன், கணக்கு ஆசிரியர் ஒரு பாடவேளையில் எத்தனை முறை "கவனி" என்கிறார் என்று இன்னொருவன். கடைசியாகச் சொன்னவனின் விடை நாற்பத்தொன்று. நான்கு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட்டு, கட்டுக் கட்டாக ஒழுங்காக எண்ணியிருந்தான், ஆகவே முழு மதிப்பெண் கொடுத்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் "பூஜ்யம் சார்". அதற்குக் காரணம் நான் இருபத்தாறு ஆண்டுகளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு விதி: வரைபடத்துக்குத் தலைப்பு வேண்டும், இரண்டு அச்சுக்கும் பெயர் வேண்டும், அளவுத்திட்டம் எழுத வேண்டும், செங்குத்து அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் இரண்டு மதிப்பெண் போகும். இந்த விதியைப் பற்றித்தான் இனி எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு அம்மாவின் இரைப்பையில் பெரும்பகுதியைக் கட்டியோடு எடுத்த பிறகு மருத்துவர் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று, எடையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது. நீ மூன்று வாரம் உடன் இருந்துவிட்டுத் திரும்பிப் போன அடுத்த ஞாயிறு அதைத் தொடங்கினேன். ஞாயிறு காலை ஆறரை மணி, வெறும் வயிறு, வெறுங்கால், ஒவ்வொரு முறையும் அதே சாம்பல் நிற வீட்டு அங்கி. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும், அந்த எடை வரைபடத்துக்கு. எண்களை உனக்கு எழுதுவதாகத்தான் இருந்தேன். "நம்பர் எல்லாம் பாத்தா எனக்குத் தல சுத்தும்பா, ஒரு படமா போட்டு அனுப்பிடுங்க, பாத்ததும் புரியணும்" என்று நீதான் சொன்னாய். நீ மொழிபெயர்ப்பாளர், சொல்லோடு வாழ்கிறவள், பள்ளிக் காலத்திலேயே கணக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். ஆகவே வரைபடம். தலைப்பு எழுதினேன், அச்சுகளுக்குப் பெயர் எழுதினேன், ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோ என்று அளவுத்திட்டம் எழுதினேன், செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்கினேன். ஒவ்வொரு மாதமும் அந்தத் தாளில் ஒரு புள்ளி சேரும், நான் படம் எடுத்து அனுப்புவேன், நீ பார்த்துவிட்டு அழைப்பாய். அந்தத் தாளில் ஒரு கிலோ என்பது இரண்டு மில்லிமீட்டர். அம்மா ஒரு கிலோ இளைத்தால் கோடு ஓர் எறும்பின் உயரம் இறங்கும். நீ நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ கேட்டாய், "அப்பா, கோடு கிட்டத்தட்ட நேராத்தானே போகுது?" என்று. நான், "கோடு அப்படித்தாம்மா போகுது" என்றேன். கோட்டைப் பற்றி நான் சொன்னது உண்மை. நீ கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எடை எத்தனை என்ற எண்கள் தாளின் வலது மூலையில், சிறிய எழுத்தில், ஒன்றுவிடாமல் இருந்தன. நீ அவற்றைப் பார்க்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

எட்டாம் மாதம் கோடு முதன்முறையாக மேலே திரும்பியது. நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு, நாற்பத்தொன்பது புள்ளி நான்கு ஆயிற்று. இருநூறு கிராம், தாளில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் நான் உடனே உனக்குப் படம் அனுப்பினேன். நீ அழைத்து, "அம்மா ஏறிட்டாங்களா! அப்பா, அம்மா ஏறிட்டாங்க!" என்று கத்தியது மாடி வீட்டுக் கடிகாரக்காரருக்கும் கேட்டிருக்கும். அதற்கு அடுத்த வாரம், ஊருக்கு வருவதற்காகப் போட்டு வைத்திருந்த விடுப்பை நீ ரத்து செய்தாய், அந்த நிறுவனத்தோடு இன்னும் ஓர் ஆண்டுக்குக் கையெழுத்திட்டாய். அம்மா அன்று முழுவதும் தையல் இயந்திரத்தை நிறுத்தவே இல்லை.

பத்தாம் மாதம் அவள் எடைக்கருவி மீது ஏறும்போது அங்கிக்குள் ஏதோ இரும்பும் இரும்பும் இடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது. பையில் கையை விட்டுப் பார்த்தேன். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல், அதோடு வெட்டும்போது துணி நகராமல் மேலே வைப்பாளே அந்த இரும்புக் கட்டிகள் இரண்டு. "பையில இருந்தது மறந்துட்டேன்" என்றாள். எத்தனை மாதமாக மறந்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, "மூணு மாசமா, நல்லா ஞாபகம் வெச்சு மறந்திருக்கேன்" என்றாள், சிரித்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் சேர்த்து ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். அதாவது உன் அம்மா ஏறவே இல்லை. உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவ கையெழுத்துப் போட்டுட்டா. எத்தன வருஷம் அலஞ்சு இப்பத்தான் ஒரு எடத்துல உக்காந்திருக்கா, எழுப்பாதீங்க. என்மேல ஆணையா எதுவும் சொல்லிடாதீங்க" என்றாள். நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், ஆனால் பொய்யான எண் ஒன்றைக்கூட அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னேன். அதை ஏதோ பெரிய நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். அன்றே எட்டாம் மாதப் புள்ளியையும் ஒன்பதாம் மாதப் புள்ளியையும் அழித்து, உரிய இடத்தில் திருத்தி வைத்து, மூலையில் "திருத்தப்பட்டது" என்று சிவப்பு மையில் எழுதி, பத்தாம் புள்ளியோடு படம் எடுத்து அனுப்பினேன். திருத்தம் இரண்டேகால் மில்லிமீட்டர். நீ "ஓகேப்பா, நேராத்தான் இருக்கு" என்று பதில் அனுப்பினாய்.

பதினோராம் மாத எடை நாற்பத்தைந்து புள்ளி மூன்று. மருத்துவர் அம்மாவின் முன்னால், "இப்ப குடுக்கிற மருந்து கொஞ்சம் கடுமையானது, நாப்பத்துமூணுக்குக் கீழ போனா நிறுத்திடணும், உடம்பு தாங்காது, அதனால எப்படியாவது சாப்புடுங்க" என்றார். அம்மா, "சாப்புடறதுக்கு நான் ரெடி டாக்டர், வயித்தத்தான் நீங்க எடுத்துட்டீங்களே" என்றாள், அவரும் சிரித்தார். அவள் வெளியே நடைவழியில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சார், வரவேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. மூன்று வாரமாக இந்த வாக்கியத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

இனி வகுப்பில் நடந்தது. திங்கட்கிழமை கோட்டு வரைபடம் தொடங்க வேண்டும். பாடநூலில் ஒரு வாரத்து வெப்பநிலை கொடுத்திருக்கிறார்கள், நான் அதை விட்டுவிட்டுக் கரும்பலகையில் "ஒரு நபரின் எடை, பதினொரு மாதங்கள்" என்று எழுதி, அந்தப் பதினொரு எண்களையும் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை. முப்பத்தேழு பிள்ளைகள் பூஜ்யத்தில் தொடங்கினார்கள். முப்பத்தேழு தாள்களிலும் ஏறக்குறைய படுத்துக் கிடக்கும் ஒரே கோடு. ஒருத்தி மட்டும் நாற்பத்துநான்கில் தொடங்கியிருந்தாள். பேருந்து ஓட்டுநரின் மகள், கடைசி வரிசை, எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், ஆனால் கேள்வி கேட்காமல் விட மாட்டாள். அச்சின் அடியில் மின்னல் மாதிரி ஒரு கோணல் கோடு போட்டு, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று எழுதி வரைந்திருந்தாள். அவள் தாளில் அந்தக் கோடு மாடிப்படியிலிருந்து உருண்டு விழுவது போல விழுந்துகொண்டிருந்தது. நான் அந்தத் தாளைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தேன். விதி என்ன என்று கேட்டேன். "பூஜ்யத்துல ஆரம்பிக்கணும் சார். ஆனா அப்படிப் போட்டா இவங்களுக்கு ஒண்ணுமே ஆகலங்கற மாதிரி தெரியுது சார். பூஜ்யம் கிலோவுல யாரு சார் இருப்பாங்க?" என்றாள். "எங்க மார்க் எல்லாம் அங்கதான் இருக்கு சார்" என்று நடு வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுக்க எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இவங்க டாக்டர்கிட்ட காட்டுனாங்களா சார்?" என்று கேட்டாள். அது வினாவில் கேட்கப்படவில்லை, உட்கார் என்று சொல்லி அவள் தாளில் இரண்டு மதிப்பெண் கழித்தேன்.

மகளே, அந்தத் தாளைப் பார்த்த பிறகு ஆசிரியர் அறைக்கு வந்து அலமாரியின் அடித்தட்டிலிருந்து என் பயிற்சிக் கால நூலை எடுத்துப் புரட்டினேன். அது நான் மறந்துபோன செய்தி அல்ல, நானே அடிக்கோடிட்டு வைத்திருந்த பக்கம். பட்டை வரைபடத்தில் கண் பட்டையின் நீளத்தை ஒப்பிடுகிறது, ஆகவே அது பூஜ்யத்திலிருந்து எழ வேண்டும், இல்லாவிட்டால் அது ஏமாற்று. கோட்டு வரைபடத்தில் கண் சரிவைப் பார்க்கிறது, ஆகவே மாற்றம் தெரியும் இடத்தில் தொடங்கலாம், அச்சு முறிந்திருக்கிறது என்று குறி போட்டால் போதும். இரண்டு விதி சொன்னால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று வேலையின் முதல் ஆண்டிலேயே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். அது வகுப்பறைக்குச் செய்த வசதி. உனக்குச் செய்தது வேறு. உன் தாளை வரையத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அளவுகோலை நாற்பதின்மேல் வைத்துப் பார்த்தேன், பிறகு எடுத்துப் பூஜ்யத்தில் வைத்தேன். அந்த அசைவு என் கைக்கு நினைவிருக்கிறது. கோடு படுத்திருந்தால் எனக்கே தூக்கம் வரும் என்று தோன்றியது. மறுநாள் வகுப்பில் கரும்பலகையின் நடுவில் திருத்தத்தை எழுதினேன், சென்ற இருபத்தாறு ஆண்டுகளாக நான் பாதி விதியை முழு விதியாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். ஓட்டுநரின் மகளுக்கு இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவள் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "அவங்க இப்ப எவ்ளோ சார்?" என்றாள். நாற்பத்தைந்து புள்ளி மூன்று என்றேன். "அது போர்டுலயே இருக்கே சார். நான் அடுத்தத கேட்டேன்" என்றாள். இன்னும் எடுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். மணி அடித்துவிட்டது, எனக்கு நான்காம் பாடவேளை இருக்கிறது, மீதியை வீட்டில் எப்படியாவது எழுதுகிறேன்.

இன்று சனிக்கிழமை பிற்பகல். இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன், இரண்டு இடங்களில் எழுத்துப் பிழை இருந்தது, திருத்திவிட்டேன், மற்றபடி மாற்றவில்லை. அம்மா தூங்குகிறாள் என்று நினைத்துச் சாப்பாட்டு மேசையில் புதிய வரைபடத்தாளை விரித்து அச்சு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் அவள் நடக்கும் ஓசை கேட்பதில்லை. வீட்டு உடைகளை நான்கு முறை பக்கவாட்டில் பிடித்துத் தைத்துவிட்டாள், அவள் பின்னால் வந்து நின்றால் துணி மட்டும் வந்து நிற்பது போல இருக்கிறது. பதினொரு புள்ளிகளையும் நான் அப்போது இணைத்து முடித்திருந்தேன். மறைக்கக் கையை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். தாளை எடுத்துச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "இது யாரோடது?" என்றாள். அவளுடையதுதான் என்றேன். "பழசுல இப்படி இல்லையே" என்றாள். எண்கள் அதேதான், அச்சு மட்டும் வேறு என்று விளக்கினேன். எட்டாம் வகுப்புக்கு விளக்குவது போலவே விளக்கினேன், வேறு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தையல்காரி, ஒரே துணியை எப்படி வெட்டினால் எப்படித் தெரியும் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடைசிவரை கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் பையில இரும்ப வெச்சேன். நீங்க அடியில பூஜ்யத்த வெச்சீங்க. ரெண்டு பேருமா சேந்து அவள அங்கயே உக்கார வெச்சுட்டோம்" என்றாள்.

அதன் பிறகு இந்தக் கடிதத்தைக் கேட்டாள். கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து விரலை வரியின் மேல் வைத்து மெதுவாகப் படித்தாள். மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன இடம் வந்ததும் விரல் நின்றது. நான் அதை மறந்து தாளை நீட்டிவிட்டேன், கடிதத்தில் அது இருக்கிறது என்று அந்தக் கணத்தில்தான் நினைவு வந்தது. அவள் பக்கத்தைத் திருப்பி அடுத்ததைப் படித்தாள். வகுப்பில் நடந்ததைப் படிக்கும்போது சிரித்தாள். படித்து முடித்துவிட்டுத் தாள்களின் ஓரங்களை மேசையில் தட்டி நேராக்கி என்னிடம் கொடுத்தாள். "அனுப்பிடுங்க. என் ஆணைய நானே எடுத்துக்கறேன்" என்றாள். பிறகு புதிய வரைபடத்தைக் காட்டி, "அவ வர்றப்ப நான் எங்க இருப்பேன்?" என்று கேட்டாள். தரவு முடியும் இடத்தில் கோடு முடிய வேண்டும், அதற்கு மேல் இழுப்பது ஊகம், நான் பிள்ளைகளை அதைச் செய்ய விடுவதில்லை என்றேன். "வாத்தியார் பதில்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் தையல் மேசையில் உட்கார்ந்தாள். இயந்திரம் ஓடவில்லை. சற்று நேரம் கழித்து, "இன்னிக்கு ரெண்டு கரண்டி சூப் கூடக் குடிக்கிறேன், நாளைக்கு எடை எடுக்கணுமில்ல" என்று அங்கிருந்து குரல் வந்தது. பை காலியாக இருக்கும் என்றும் சொன்னாள்.

உனக்கு நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் அந்தக் கோட்டைப் பதினோராம் புள்ளிக்கு அப்பால் நீட்டி இழுத்துப் பார்த்தேன், பென்சிலில், மெல்லிதாக. அது நாற்பத்துமூன்றைத் தொடும் இடத்துக்கும் பதினோராம் புள்ளிக்கும் நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணினேன், உன் ஒப்பந்தம் முடிய எத்தனை கட்டம் என்றும் எண்ணினேன். பிறகு ரப்பரால் அழித்துவிட்டேன். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தடம் தெரியும், பிடித்துப் பார்க்காதே.

உன் ஒப்பந்தத்தின் நகலை நீ அனுப்பியிருந்தாய் அல்லவா, அதை நேற்று முழுவதும் படித்தேன். பதினான்காம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில், பெற்றோரின் கடும் நோய்க்கு ஆறு வாரம் விடுப்பு உண்டு என்றும், மருத்துவரின் கடிதம் இணைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே ஆத்திரத்தில் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடாதே. விண்ணப்பத்தில் பிரிவு எண்ணைக் குறிப்பிடு, நகல் ஒன்றை உன்னிடம் வைத்துக்கொள். மருத்துவரின் கடிதத்தைத் திங்கட்கிழமை நானே நேரில் வாங்கி உன் அலுவலக முகவரிக்கும் உனக்கும் தனித்தனியே அனுப்புகிறேன். பயணத்தில் கனமான பெட்டி தூக்காதே, இடையில் வண்டி மாறும் இடத்தில் கடவுச்சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொள், அழுதுகொண்டே சாலையைக் கடக்காதே. என்மேல் உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். பதினொரு மாதமாக நீ நிம்மதியாகத் தூங்கியது என் அளவுகோலின் மேல், அந்த நிம்மதியை இப்போது ஒரே நாளில் திருப்பி வாங்குகிறேன். கோபத்தை என்னிடம் மட்டும் காட்டு. அம்மாவிடம் இரும்புக் கட்டியைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிற மாதிரி கேள், அவளுக்கு அது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா ஒன்று சொல்லச் சொன்னாள், மறக்காமல் எழுதுகிறேன். உனக்காகக் கம்பளித் துணியில் ஒரு மேல்சட்டை வெட்டி வைத்திருக்கிறாள், தோள் மட்டும் பாக்கி. சென்ற ஆண்டு எடுத்த அளவு இருக்கிறதே என்றேன். அது பழைய அளவு என்கிறாள். நீ அங்கே யாரையாவது எடுக்கச் சொல்லி எழுதி அனுப்ப வேண்டாமாம், யார் எடுத்தாலும் நாடாவைத் தளர்த்திப் பிடிப்பார்களாம், தானே எடுக்க வேண்டுமாம். நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

நீ எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் நல்லபடி அமையட்டும், வழியெல்லாம் உனக்குத் துணை இருக்கட்டும், எங்கள் ஆயுளிலும் நாளைக் கொடுத்து இறைவன் உன்னை வாழ வைக்கட்டும் என்று வாழ்த்துகிறேன். புறப்படும் நாள் முடிவானதும் இரண்டு வரி எழுது, அல்லது அழை. அம்மா பக்கத்தில் இருந்தாலும் இனிப் பரவாயில்லை.

என்றும் உன் நலம் விரும்பும்,
அப்பா

இணைப்பு: வரைபடத்தாள் ஒன்று. தலைப்பு: அம்மாவின் எடை. கிடை அச்சு: மாதங்கள். செங்குத்து அச்சு: எடை, கிலோவில், நாற்பதில் தொடங்குகிறது, முறிவுக் குறி இடப்பட்டுள்ளது. அளவுத்திட்டம்: ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. புள்ளிகள் பதினொன்று. நாளைக் காலை எடுக்கும் பன்னிரண்டாம் எடையைக் குறிப்பேட்டில் மட்டும் எழுதி வைப்பேன். தாளில் அதற்குரிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தாளைத் திரும்பக் கொண்டு வா, புள்ளியை நீ வைக்க வேண்டும்.